முடியுமா, விருப்பமா: மஸ்கட்டிலிருந்து பொகவந்தலாவை வரை

மஸ்கட்டிலிருந்து கொழும்புக்குப் புறப்படும் காலை விமானத்தில் எனக்கு அவசர வழிக்குப் பக்கத்து இருக்கை கிடைத்தது. கிடைத்தது என்ன, நானேதான் கேட்டு வாங்கினேன். ஆறடிக்குக் கொஞ்சம் அதிகமாக வளர்ந்துவிட்டவன் நான். வழக்கமான இருக்கையில் உட்கார்ந்தால் என் முழங்கால் முன்னால் இருப்பவரின் முதுகோடு பேச ஆரம்பித்துவிடும். அவசர வழி வரிசையிலோ காலை நீட்டித் தூங்கலாம். பயணச்சீட்டுக் கவுண்டரில் இருந்த பையன், "அவசரம் என்றால் கதவைத் திறந்து மற்றவர்களுக்கு உதவ வேண்டும், சம்மதமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். "தாராளமாக," என்றேன். சும்மா கிடைக்கிற இடத்துக்கு எதைத்தான் சொல்ல மாட்டோம்!

என்னைப் பற்றி இரண்டு வரி. கூடலூரில் தபால்காரனாக இருந்து ஓய்வுபெற்றவன். பிறந்தது இலங்கை மலையகத்து டிக்கோயாவில். பத்து வயதில் அப்பா அம்மாவோடு கப்பலேறி இந்தியா வந்து, மறுபடியும் ஒரு தேயிலை மலையிலேயே குடியேறினோம். சித்தப்பாவின் மகன் இன்னும் டிக்கோயாவில்தான் இருக்கிறான். மஸ்கட்டில் மகள் வீட்டில் சில வாரம் இருந்துவிட்டுத் திரும்பும்போது, கொழும்பு வழியாகப் போனால் டிக்கெட் மலிவு என்று மருமகன் கண்டுபிடித்தார். அப்படியே சித்தப்பா மகனையும் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். மகளுக்கு மாசியில் பிரசவம். வாசலில் நின்று, "அம்மா எப்பப்பா வருவாங்க?" என்று கேட்டாள். "பொங்கல் முடிஞ்சதும் அனுப்பி வைக்கிறேன். ஆறு மாசம் இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுத்தான் டாக்ஸியில் ஏறினேன்.

விமானத்துக்குள் நுழைந்ததுமே ஒரு சிக்கல். அவசர வழி வரிசையில் பையைக் காலடியில் வைக்கக் கூடாது. மேலே ஏற்றியாக வேண்டும். என் வலது தோள் ஒரு வருடமாக இறுகிப்போய்க் கிடக்கிறது. கை காது வரை எழும்பும், அதற்கு மேல் மறுத்துவிடும். பையை நெஞ்சோடு அணைத்தபடி நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, "கொஞ்சம் தள்ளுங்கண்ணே," என்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல். நாற்பது வயது இருக்கும். என் பையைப் பிடுங்காத குறையாக வாங்கி, ஒரே வீச்சில் மேலே தள்ளி மூடியையும் அடைத்துவிட்டு, எனக்குப் பக்கத்து இருக்கையிலேயே வந்து உட்கார்ந்தார். பெயர் தவமணி, ஊர் பொகவந்தலாவை.

"அட, நான் டிக்கோயாவுல பொறந்தவன்மா," என்றேன்.

"அதான் பாத்தேன். இந்தியாக்காரர் மாதிரி சட்ட போட்டுகிட்டு எங்க ஆளு மாதிரி பேசுறாரேன்னு!" என்று சிரித்தார்.

இதையெல்லாம் பணிப்பெண் ஒருத்தி நடைபாதையில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். சிங்களப் பெண், மகள் வயதுதான் இருக்கும். கதவு அடைக்குமுன் எங்களிடம் வந்து குனிந்து, அந்த அவசரக் கதவு நல்ல கனம், அதை இரண்டு கையாலும் தூக்கி வெளியே எறிய வேண்டியிருக்கும் என்று விளக்கினாள். பிறகு என்னைப் பார்த்து, "உங்களுக்கு இதற்கு விருப்பமா? உங்களால் முடியுமா?" என்று தனித்தனியாகக் கேட்டாள்.

"இரண்டும்தான்," என்றேன் கம்பீரமாக.

"ரொம்ப நன்றி ஐயா. ஒரு தடவை இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டுவீர்களா?"

இடது கை கூரையைத் தொட்டது. வலது கை காதருகே வந்து, அங்கேயே பேருந்துக்குக் காத்திருப்பதுபோல் நின்றுவிட்டது. முன் வரிசையில் ஒருவர் சத்தமாகவே சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. மன்னிப்புக் கேட்டு, வேறு இருக்கை தருவதாகச் சொன்னாள். பிறகு தவமணியிடம் அதே இரண்டு கேள்வியைச் சிங்களத்தில் கேட்டாள்.

தவமணி அந்தக் கதவை ஒருமுறை பார்த்தார். "புளுவங்," என்றார். முடியும் என்று அர்த்தம். கொஞ்சம் நிறுத்தி, "ஹெபேய் கெமதி நே," என்றார். ஆனால் விருப்பமில்லை.

நான் திகைத்துப் போனேன். என் பையைப் பஞ்சுபோலத் தூக்கி வைத்தவருக்கு இந்தக் கதவு எம்மாத்திரம்! பணிப்பெண் திகைக்கவில்லை. ஏன் என்று கேட்கவுமில்லை. "ஹரி," சரி என்று தலையாட்டிவிட்டு இருவரையும் எழுப்பி நடத்திக்கொண்டு போனாள். எங்கள் இடத்துக்கு இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். வரும்போதே காலை நீட்டிவிட்டார்கள். எனக்கும் தவமணிக்கும் கிடைத்தது கடைசி வரிசை, கழிப்பறைக்கு முதுகு கொடுத்தபடி. விருப்பம் உள்ளவனுக்குக் கையில்லை, கை உள்ளவருக்கு விருப்பமில்லை. இருவருக்கும் தண்டனை ஒன்றுதான் என்று சொல்லிச் சிரித்தோம்.

விமானம் கடலுக்கு மேலே வந்து, தேநீர் என்ற பெயரில் ஏதோ சூடாகக் கொடுத்தார்கள். இரண்டு தேயிலை மலைக்காரர்களும் ஒரு வாய் குடித்து, ஒருவரையொருவர் பார்த்துக் கோப்பையைத் தள்ளி வைத்தோம். அப்போதுதான் கேட்டேன், ஏன் வேண்டாம் என்றீர்கள் என்று.

"நான் இருந்த வீட்டுல ஒரு பெரியம்மாண்ணே. எந்திரிக்க மாட்டாங்க. காலையில தூக்கி உக்கார வைக்கணும், குளிப்பாட்டத் தூக்கணும், படுக்க வைக்கத் தூக்கணும். நல்ல வீடுதான், கொற சொல்ல மாட்டேன். ஆனா நாலு வருஷமா தூங்குறப்பவும் ஒரு காது அவங்க பக்கம்தான் இருக்கும். இந்த ப்ளேன்லயாவது யாரையும் காப்பாத்துற பொறுப்பு இல்லாம சும்மா உக்காரணும்னு தோணிச்சு. அந்தப் புள்ள கேட்டதால சொன்னேன்."

மேகத்தைப் பார்த்தபடி மறுபடி பேசினார்.

"தோட்டத்துல பெரட்டுல பேரு கூப்பிடுவாங்க. இருக்கேன்னு சொன்னா இந்த மலைக்குப் போன்னு சொல்லுவாங்க. அதுக்கு மேல கேள்வி இல்ல. அந்த வீட்டுலயும், செய்வியான்னு கேட்டாங்க, செய்றேன்னேன். விருப்பமான்னு ரெண்டாவதா ஒண்ணு இருக்குன்னே இன்னைக்குத்தான் தெரியும்."

காலையில் தோட்டத்து ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துவிடுகிற அந்தப் பெரட்டுக்கு என் அம்மாவும் போனவள்தான். 

பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னார். அந்த வீட்டுக்காரர்கள் பொங்கலுக்குப் பிறகு அவரைத் திரும்பக் கூப்பிடுகிறார்கள். இன்னும் இரண்டு வருடம். வீட்டில் எல்லாரும் அவர் போவார் என்றே இருக்கிறார்கள். "போறியான்னு யாரும் கேக்கலண்ணே. எந்தத் தேதின்னுதான் கேட்டாங்க," என்றார். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். கொழும்பு வரும்வரை திறக்கவில்லை. தூங்கினாரா என்பது தெரியாது.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கியபோது மதியம் ஒரு மணி இருக்கும். வெளியே தவமணியின் கணவர் யோகராஜும் மகள் டிலானியும் வேனோடு வந்து நின்றார்கள். டிலானிக்குப் பதினாறு வயது. அம்மாவைக் கண்டதும் ஓடி வருவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் இரண்டடி வந்து நின்றுவிட்டாள். தவமணியும் நின்றுவிட்டார். இருவருமே மற்றவர் எவ்வளவு வளர்ந்திருக்கிறார், மெலிந்திருக்கிறார் என்று அளந்துகொண்டிருந்ததுபோல் இருந்தது. கடைசியில் மகள் வந்து பெட்டியின் கைப்பிடியைத்தான் பிடித்தாள், அம்மாவின் கையை அல்ல.

நான் ஹட்டனுக்குப் பேருந்து தேடப் போவதாகச் சொன்னதும் யோகராஜ் விடவில்லை. "போற வழிதானுங்க டிக்கோயா. வேன்ல எடம் கெடக்கு. பஸ்ஸுல போய் ஏன் இடி வாங்குறீங்க?" என்று என் பையையும் தூக்கிப் போட்டுக்கொண்டார். தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். கலகலப்பான மனிதர். வேன் ஓட்டி நசீர், பொகவந்தலாவை கடைத்தெருவில் பழக்கடை வைத்திருப்பவர். வெளிநாடு போய்வருகிறவர்களை ஏற்றி இறக்குவது அவருக்கு இரண்டாவது தொழில். "ஐயா முன்னால உக்காருங்க, கால் நீட்டலாம்," என்றார். விமானத்தில் பறிபோனது வேனில் கிடைத்தது.

கட்டுநாயக்காவிலிருந்து ஹட்டன் ஏறக்குறைய நூற்றைம்பது கிலோமீட்டர். அவிசாவளை வரை நெடுஞ்சாலை, வெயில், தூக்கம். கித்துல்கலையில் ஆற்றைப் பார்த்த கடையொன்றில் நிறுத்தினார்கள். இஞ்சி போட்ட, பாலில்லாத ப்ளேன்டீ ஐம்பது ரூபாய், உளுந்து வடை எழுபது. விமானத்துத் தேநீருக்குப் பிராயச்சித்தமாக நானும் தவமணியும் இரண்டு இரண்டு கோப்பை குடித்தோம்.

அங்கேதான் யோகராஜ் பேச்செடுத்தார். "மேடம் நேத்தும் போன் பண்ணாங்க தவம். பொங்கல் கழிச்சு வந்துருன்னாங்க. ஹட்டன் ஏஜென்சிக்காரர்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லி வச்சிட்டேன்." தவமணி வடையைப் பிட்டு மகளின் தட்டில் பாதியை வைத்தார். "ம்," என்றார். அந்த 'ம்' எந்தப் பக்கம் விழுந்தது என்று யாரும் பார்க்கவில்லை.

என் வாய் சும்மா இருக்காது. வேன் மறுபடி புறப்பட்டதும், காலையில் எங்களைக் கடைசி வரிசைக்கு விரட்டிய கதையை எடுத்துவிட்டேன். என் கை பேருந்துக்குக் காத்து நின்றதைச் சொன்னபோது நசீர் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கினிகத்தேனை வளைவுகளில் அப்படிச் சிரிக்கிற ஓட்டியோடு போவது மனதுக்கு அவ்வளவு நல்லதல்ல.

"இவளா முடியாதுன்னு சொன்னா?" என்று யோகராஜ் நம்பாமல் கேட்டார்.

"முடியாதுன்னு சொல்லலைங்க. முடியும், விருப்பம் இல்லைன்னாங்க."

"ரெண்டும் ஒண்ணுதானுங்களே."

"இல்லப்பா, வேற வேற," என்றாள் டிலானி. கட்டுநாயக்காவிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"ஏன் விருப்பம் இல்லைன்னு கேக்கலையா ஐயா?" என்றார் நசீர்.

"கேக்கல. காரணம் கேக்கக் கூடாது போல. வேணாம்னு சொன்னா சீட்ட மாத்திடுவாங்க, அவ்வளவுதான். அதான் அவங்க சட்டம்."

"நல்ல சட்டம்," என்று நசீர் கியரை மாற்றினார். வட்டவளை தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. ரயில் ஒன்று எங்களுக்கு மேலே மலையைச் சுற்றிக்கொண்டு போனது. திரும்பிப் பார்த்தேன். டிலானி அம்மாவின் தோளில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். தவமணி அசையாமல் உட்கார்ந்திருந்தார். விடிந்ததிலிருந்து அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் பார்க்கவில்லை.

என்னை டிக்கோயாவில் இறக்கும்போது, மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு வந்தே ஆகவேண்டும் என்று யோகராஜ் சத்தியம் வாங்கிக்கொண்டார். "நான்தான் சமைக்கிறேன். வந்து சாப்பிட்டுப் பாத்துட்டு சொல்லுங்க."

மறுநாள் காலை சித்தப்பா மகனிடம் விடைபெற்று, விருந்து முடிந்து அப்படியே ஊர் திரும்பலாம் என்று பையோடு பத்து மணிக்கு டிக்கோயா ஆஸ்பத்திரி அருகில் பேருந்து ஏறினேன். பொகவந்தலாவைக்குச் சீட்டு நூறு ரூபாய். தூரம் இருபது கிலோமீட்டர் சொச்சம். ஆனால் இந்தச் சாலையைக் கிலோமீட்டரில் அளப்பது வீண், வளைவில்தான் அளக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்கு வந்து திரும்புகிறவர்கள், சந்தைக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடச் சீருடை எல்லாம் நெரிந்துகொண்டு வந்தன. நின்றே பயணம். பேருந்தின் பின்பக்கத்தில் சிவப்பு எழுத்தில் 'அவசர வழி' என்று எழுதியிருந்தது. அதற்குக் குறுக்கே லீக்ஸ் காய்கறி மூட்டை இரண்டும் அவற்றின்மேல் ஒரு மீசைக்காரரும் இருந்தார்கள். நேற்றைய படிப்பு சும்மா விடுமா? "அண்ணே, அவசரம்னா இந்தக் கதவத் தெறப்பீங்களா?" என்று கேட்டேன்.

அவர் கதவைத் திரும்பிப் பார்த்தார். அங்கே கதவு இருப்பதே அப்போதுதான் தெரிந்தது என்று நினைக்கிறேன். "அவசரம்னா மூட்டையத் தூக்கிகிட்டு முன்வாசல்ல எறங்கிருவேன்ங்க," என்றார். சுற்றியிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். விருப்பம் உண்டு, முடியவும் முடியும், திசைதான் வேறு.

நோர்வூட் தாண்டியதும் பள்ளத்தாக்கு விரிகிறது. மேகம் மலையுச்சியில் உட்கார்ந்திருந்தது. கீழே கொழுந்து நிறுவை நடந்துகொண்டிருந்தது. கடைத்தெருவில் நசீர் கடையை அடைத்துவிட்டு எனக்காக நின்றார். கையில் ஒரு பை. "கோழி நாந்தான் அறுத்துக் கொடுத்தேன், காலையிலேயே அனுப்பியாச்சு. இது பழம்," என்றார். அவர் அறுத்த கோழி என்பதால் அவரும் அந்த வீட்டில் தாராளமாகச் சாப்பிடலாம். அந்த வீட்டு விருந்துகளில் அதுதான் வழக்கமாம்.

தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களைத் தாண்டி மேட்டில், ஏழு பேர்ச், அதாவது நாலு சென்ட் சொச்சம் நிலத்தில் தவமணியின் வீடு. லயத்து ஒற்றை அறையிலிருந்து வெளியே வந்து கட்டியது. இரண்டு அறை முடிந்து நீல வண்ணம் அடித்திருந்தார்கள். மூன்றாவது அறைக்குச் சுவர் பாதி எழும்பி நின்றது; தூண்களிலிருந்து இரும்புக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. வாசலில் முந்தின நாள் ஆரத்தி எடுத்த சிவப்புக் கறை மழையில் இன்னும் கரையவில்லை.

யோகராஜ் சொன்னது வெறும் பேச்சில்லை. கோழிக் குழம்பு, பருப்பு, முட்டைக்கோஸ் வறை, லீக்ஸ், தேங்காய்ச் சம்பல், அப்பளம். தவமணியை அடுப்படிக்குள்ளேயே விடவில்லை. அவர் சாப்பாட்டை வாயில் வைத்து, "என்னா, என்னவிட நல்லா சமைக்கிறீங்க!" என்றார். "நாலு வருஷமா நாந்தானே இந்தப் புள்ளைக்குச் சமைச்சுப் போடுறேன்," என்று யோகராஜ் பெருமையோடு இன்னொரு கரண்டி ஊற்றினார். டிலானி அம்மாவை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். நேற்று இருந்த இரண்டடி இடைவெளி ஒரு ராத்திரியில் காணாமல் போயிருந்தது.

இரண்டாவது சோறு போடும்போது யோகராஜின் ஃபோன் அடித்தது. ஹட்டன் ஏஜென்சிக்காரர். இடது கையால் காதில் வைத்துக்கொண்டார்.

"ஆமாங்க, நேத்து வந்துட்டாங்க... நல்லா இருக்காங்க... ஆமாங்க, போவாங்க, பழகின வீடுதானே... தேதி இப்பவே சொல்லணுங்களா? அப்ப தை பொறந்து..."

"அப்பா." டிலானி சோற்றில் கையை நிறுத்தியிருந்தாள். "அம்மாகிட்ட இன்னும் கேக்கலயே."

"என்னா கேக்கணும்?"

"ப்ளேன்ல அந்த அக்கா கேட்ட மாதிரி கேளுங்க. ரெண்டு கேள்வி."

யோகராஜுக்கு அது விளையாட்டாகத்தான் பட்டது. ஃபோனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு எழுந்தார். விமானப் பணிப்பெண்போல லேசாகக் குனிந்து, குரலை மெலிதாக்கி, "மேடம், நீங்க திரும்ப மஸ்கட்டு போக முடியுமா? உங்களுக்கு விருப்பமா?" என்றார். நசீர் சிரித்தார். நானும் சிரித்தேன். டிலானி சிரிக்கவில்லை.

தவமணியும் சிரிக்கவில்லை. கையிலிருந்த கவளத்தைத் தட்டில் திரும்ப வைத்தார்.

"முடியும்," என்றார். "விருப்பம் இல்ல."

கூரைத் தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. பொத்திய ஃபோனுக்குள் ஏஜென்சிக்காரர் "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். யோகராஜ் இன்னும் குனிந்தபடியே நின்றார். சிரிப்பு முகத்தில் மாட்டிக்கொண்டு, எப்படி இறங்குவது என்று தெரியாமல் நின்றது. பிறகு ஃபோனில், "நாளைக்குப் பேசுறேன்ங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்து, எனக்கு இன்னும் கொஞ்சம் பருப்பு ஊற்றினார். நான் கேட்கவில்லை, ஆனாலும் சாப்பிட்டேன்.

ஒரு குடும்பத்துக்குள் குண்டு வைத்துவிட்டோமே என்று நினைத்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சாப்பிட்டதும் கிளம்பிவிட நினைத்தேன். மழை விடுவதாகவே இல்லை. "ராத்திரிக்குத் தங்கிட்டுப் போங்கண்ணே," என்றார் தவமணி, ஒன்றுமே நடக்காததுபோல. நசீர் குடையை விரித்துக்கொண்டு மெல்ல நழுவினார்.

சாயங்காலம் மழை தணிந்தபோது யோகராஜ் அந்த அரைச் சுவர் அறையில் தனியாக நின்றுகொண்டிருந்தார். போய்ப் பக்கத்தில் நின்றேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை.

"டிலானிக்குப் படிக்க ஒரு ரூம்னு ஆரம்பிச்சதுங்க," என்றார். "நானும் அவள வெரட்டணும்னு நெனக்கலைங்க. போகணும்னு அவளுக்கே ஆசன்னுதான் நெனச்சேன். ஒரு நாளும் வேணாம்னு சொன்னதில்ல."

"ஏர்போர்ட்டுல அழுதாங்களா, முதல் தடவை போகும்போது?"

"அழுதா. எல்லாரும்தானே அழுறாங்கன்னு நெனச்சேன்." அவர் ஒரு கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அது ஆடவில்லை.  உள்ளே டிலானி எதையோ சொல்ல, தவமணி வாய்விட்டுச் சிரிக்கும் சத்தம் கேட்டது. யோகராஜ் அதைக் கேட்டுக்கொண்டே நின்றார். அன்றைக்குச் சீக்கிரமே படுத்துவிட்டோம்.

காலையில் ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச்சம்பலும். ஆறரைக்கெல்லாம் மூவரும் என்னை வழியனுப்பக் கடைத்தெருவுக்கு வந்தார்கள். மலையில் வெயில் விழுந்து, கழுவி வைத்ததுபோல இருந்தது பள்ளத்தாக்கு. ஹட்டன் பேருந்து உறுமிக்கொண்டு நின்றது. அப்போது ஏஜென்சிக்காரரிடமிருந்து யோகராஜுக்கு ஃபோன் வந்தது. அவர் எங்களை விட்டுத் தள்ளிப் போகவில்லை. தவமணிக்குப் பக்கத்திலேயே நின்று, சத்தமாகவே பேசினார்.

"ஆமாங்க, யோகராஜ்தான்... இல்லைங்க, அவங்க வரல... ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்குங்க. போக முடியும். விருப்பம் இல்லைங்க."

மறுமுனையில் என்ன கேட்டார்கள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

"காரணமா?" யோகராஜ் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "காரணமெல்லாம் கேக்கக் கூடாதுங்க. அதான் சட்டம்."

ஃபோனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "கம்பி இத்தன நாளா வானத்தப் பாத்துகிட்டுதானே நிக்குது, இன்னும் கொஞ்ச நாள் பாக்கட்டும்," என்று பொதுவாகச் சொன்னார். தவமணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.   அந்த மனிதரின் கையைப் பிடித்துக் குலுக்கினேன், இடது கையால்தான்.

என் பையைத் தூக்க யோகராஜ் குனிந்தார். தவமணி அவரைத் தள்ளிவிட்டுத் தானே எடுத்துக்கொண்டு பேருந்துக்குள் ஏறி, மேல் தட்டில் வீசி வைத்தார். "விடும்மா, உனக்கேன்?" என்றேன். "இன்னைக்கு விருப்பமாத்தான் தூக்குறேன்ண்ணே," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

பேருந்து நோர்வூட் வளைவுகளில் சுற்றிக்கொண்டு இறங்கியது. இந்த மலைக்கும் எங்கள் கூடலூர் மலைக்கும் பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை. அதே செடி, அதே கூடை, அதே அட்டைக்கடி. வீடுகளும் அப்படித்தான். எங்கள் வீட்டிலும் யார் யாரை எங்கே அனுப்பி வைப்பது என்று நான் முடிவு செய்வேன், சரோஜா பெட்டி கட்டுவாள். டிக்கோயா வரும்முன் ஃபோனை எடுத்து வீட்டுக்கு அடித்தேன்.

"சரோஜா, மகள் பிரசவத்துக்குப் பொங்கல் முடிஞ்சு மஸ்கட் போய் ஆறு மாசம் இருக்க உன்னால முடியுமா? உனக்கு விருப்பமா?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன், போகவில்லை.

"என்னங்க, உடம்பு சரியில்லையா?" என்றாள் கடைசியில்.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. கேக்கத்தான் கேட்டேன். ரெண்டு கேள்வி, தனித்தனியா."

 பின்னால் குக்கர் ஒரு விசில் அடித்தது.

"யோசிச்சுச் சொல்றேன்," என்றாள் என் மனைவி. கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயிலிருந்து நான் கேட்டிராத வார்த்தை அது.

ஹட்டன் வரும்வரை ஃபோனைக் கையிலேயே வைத்திருந்தேன்.